பாட்டியின் பவுன் காசுகள்: உருக்கலாமா, விட்டுவிடலாமா?

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. பாட்டி விட்டுப்போன தங்கக் காசுகளை உருக்கி மருமகளுக்குச் சங்கிலி செய்வதா, காசாகவே வைப்பதா? நான் உருக்கக் கூடாது என்ற கட்சி, நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். முடிவும் அப்படித்தான் ஆனது, ஒரே ஒரு காசைத் தவிர.

டப்பாவில் இருந்தது கலவை. ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பிரிட்டிஷ் பவுன்கள், அவற்றில் பாதி காசுமாலையில் கோத்திருந்ததால் வளையம் பற்றவைத்தவை. ராஜா தலை மாதிரியே பத்தர் அடித்துக் கொடுத்த மெல்லிய காசுகள் சில. அப்புறம் அப்பா வாங்கிய 1976-ஆம் ஆண்டு 500 ரிங்கிட் தபிர் காசு ஒன்று (தபிர் என்ற காட்டு விலங்கின் படம் போட்ட மலேசியத் தங்கக் காசு), நான் வாங்கிய கிஜாங் எமாஸ் என்ற மலேசிய முதலீட்டுத் தங்கக் காசு ஒன்று.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். பத்தர் அடித்த காசுகளுக்குத் தங்க விலை மட்டும்தான், சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். அவற்றை உருக்கினால் எந்த நஷ்டமும் இல்லை. கிஜாங் எமாஸ் 999.9 தங்கம், அதன் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தினமும் வெளியிடுகிறது, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும். அதைப் போய் உருக்குவது வீண்வேலை.

சண்டையெல்லாம் பவுன்கள் மேல்தான். ஒவ்வொன்றும் 7.98 கிராம், 22 காரட், உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1817-லிருந்து இந்த அளவு மாறவே இல்லை. 1906-க்கு அப்புறம் நம் மலாயாப் பக்கத்தில் 7 பவுனுக்கு 60 வெள்ளி (அன்றைய டாலர்) என்று அரசாங்கமே கணக்கு வைத்திருந்தது, அதாவது இது அப்போது நகை இல்லை, செல்லும் பணம்.

உருக்கலாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டப்பாவில் கிடப்பதைவிடக் கழுத்தில் கிடக்கட்டும் என்பார்கள். சாதாரண வருஷத்துக் காசுக்குச் சேகரிப்பவர் தங்க விலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் தரமாட்டார் என்பார்கள், அதுவும் உண்மைதான். லண்டனில் 1911, 1912 வாக்கில் அடித்தவை லட்சக்கணக்கில் இன்னும் உலகத்தில் சுற்றுகின்றன. வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் கதை முடிந்தது, வளையத்தை எடுத்து வழவழவென்று தேய்த்தாலும் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். 1918-இல் பம்பாயில் அடித்ததில் வருஷத்துக்கு மேலே, குதிரையின் காலடியில் உள்ள தரைக்கோட்டில் சின்னதாக ஆங்கில ‘ஐ’ எழுத்து இருக்கும், தென்னாப்பிரிக்காவில் அடித்ததில் ‘எஸ்.ஏ.’ இருக்கும், எங்கே அடித்தது என்று ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள். 1917 லண்டன் காசு என்று யாராவது காட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள், நிஜமானது மிக அரிது, போலி நிறைய.

சரி, அபூர்வமும் இல்லை, தழும்பும் இருக்கிறது, பிறகு ஏன் உருக்க வேண்டாம் என்கிறேன்? திரும்ப விற்கும் நாளை நினைத்துத்தான். சரித்திரம், பாட்டி நினைவு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுனை 8 கிராம் என்றும், கிராம் 500 வெள்ளி (ரிங்கிட்) என்றும் வைத்துக்கொள்வோம், மொத்தம் 4,000. பழைய தங்கத்தை எடுக்கும்போது கடைக்காரர் கழிவு என்று 5 விழுக்காடு பிடித்தால் 200 போச்சு. சங்கிலிக்குக் கூலி கிராமுக்கு 30 வெள்ளி என்றால் 240. பத்து வருஷம் கழித்து ஒரு அவசரத்துக்கு அந்தச் சங்கிலியை விற்கப் போனால் கூலியில் ஒரு காசு திரும்பி வராது, மறுபடியும் கழிவு, இன்னொரு 200. ஆக 640. காசாகவே வைத்திருந்து நேராக விற்றால் கழிவு ஒரே தடவைதான். கடைக்குக் கடை எண்கள் மாறும், சில இடத்தில் கழிவு குறைவு, சில இடத்தில் கல் டிசைன் என்றால் கூலி எக்கச்சக்கம். ஆனால் காசுக்கு ஒரு அடி, நகைக்கு மூன்று அடி என்ற வரிசை மாறாது.

இன்னொன்று நம்பிக்கை. கோலாலம்பூர் நகைக்கடைத் தெருக்களான மஸ்ஜித் இந்தியாவிலோ லெபோ அம்பாங்கிலோ மேசை மேல் பவுனை வைத்தால் கடைக்காரர் தராசில் போட்டு, மெஷினில் காட்டி, பேச்சை முடித்துவிடுவார். எடை இவ்வளவு, மாற்று (தங்கத்தின் சுத்தம்) இவ்வளவு என்று காசின் முகத்திலேயே எழுதியிருக்கிற மாதிரி. அதையே மூசையில் போட்டு உருக்கிக் கட்டியாகக் கொண்டுபோனால் இது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகம் கிளம்பும். வளையத்தோடு உருக்கினால் அதை ஒட்டவைத்த பற்றாசும் சேர்ந்து மாற்றைக் கொஞ்சம் இறக்கிவிடும். வெளிநாடு போனாலும் பவுனை எந்த ஊரிலும் தெரியும், நம் ஊர்ச் சங்கிலி அங்கே வெறும் பழைய தங்கம்.

தபிர் காசு வேறு கேஸ். 33.437 கிராம், ஆனால் 900 மாற்று, அதாவது ஆயிரத்தில் 900 பங்குதான் தங்கம். நம் கடைகள் 916-இல் பழகியவை, அதை அப்படியே உருக்கினால் 916 நகை வராது, மேலே சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டும். நான் கேட்ட ஒரு கடையில் 835 விலைக்குப் போடப் பார்த்தார்கள், உள்ளே 30 கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் இருக்கிற காசை! பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதற்குக் காசு வியாபாரிதான் சரியான ஆள் என்று நினைக்கிறேன், ஆனால் இந்த மாதிரிக் காசை நான் இதுவரை விற்றதில்லை, அதனால் விலை பற்றி அடித்துச் சொல்லமாட்டேன்.

உருக்கியே ஆக வேண்டிய ஒரு இடம் எங்களுக்கு இருந்தது. என் மனைவி பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர்கள் வழக்கத்தில் பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, நல்ல நேரம் பார்த்து ஒரு தங்கக் காசை உருக்கித்தான் தாலி செய்வார்கள். இதில் கூலி, கழிவு என்று கணக்குப் பார்க்க நான் யார்? தாலியை யாரும் விற்பதற்குச் செய்வதில்லை, அதனால் மேலே போட்ட கணக்கு எதுவும் இங்கே செல்லாது. எந்தக் காசு என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். இருப்பதிலேயே தேய்ந்து, விளிம்பு அராவப்பட்டு, வளையம் ஒட்டிய எட்வர்ட் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். வளையத்தையும் பற்றாசையும் முன்பே வெட்டி எடுத்துத் தரச் சொல்லி பத்தர் கேட்டிருக்கிறார், மாற்று இறங்கக் கூடாதாம்.

மருமகளுக்குச் சங்கிலி வேண்டும் என்றால் அந்த மெல்லிய காசுகளைப் போட்டுச் செய்துகொள்ளலாம், எடை போதாவிட்டால் கொஞ்சம் புதுத் தங்கம் வாங்கிச் சேர்க்கலாம். மற்றதை எடுத்து வைக்கும் முன் தயவுசெய்து தேய்க்காதீர்கள். என் சின்னம்மா போன தீபாவளிக்கு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு பிரஷால் தேய்த்து பளபளக்க வைத்த இரண்டு காசை எந்தச் சேகரிப்பவரும் இனி வாங்கமாட்டார், தங்க விலைக்குத்தான் போகும்.