பித்தளை விளக்கு என்று வாங்கினேன், கழுவிய மறுநாளே துருப்பிடித்தது

கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கு வாங்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் கட்டாயம் படியுங்கள். நான் பட்ட பாட்டை இன்னொரு வீட்டில் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் இருப்பது கோவையில். சீர்வரிசையில் ஜோடி விளக்கு நாச்சியார்கோவில் விளக்காக இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. எங்கள் அம்மா எனக்குக் கொடுத்ததும் அதுதான். கும்பகோணம் பக்கத்திலிருக்கிற அந்த ஊர் வரை போய் வர நேரமில்லாமல், எல்லோரும் வாங்குகிற பெரிய ஆப் ஒன்றில் தேடினேன். ‘அசல் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுத்தமான பித்தளை, 36 அங்குலம், ஒவ்வொன்றும் 7 கிலோ’ என்று போட்டிருந்தது. ஜோடி 12,990 ரூபாய். நட்சத்திரம் நாலுக்கு மேல், கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. யுபிஐயில் பணம் கட்டி ஆர்டர் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. தூக்கும்போதே கை இறங்கியது. பழைய பேப்பர்க்காரருக்குப் போடும்போது பார்க்கிற தொங்கு தராசு வீட்டில் இருக்கிறது. அதில் மாட்டிப் பார்த்தால் ஒன்று 6 கிலோ 900 கிராம், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் கூட. எடை சரியாக இருந்ததால் மனம் நிறைந்துவிட்டது. எங்களை ஏமாற்றியது அந்த எடைதான், பின்னால் சொல்கிறேன்.

கார்த்திகைக்கு ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தால் துண்டில் வளையம் வளையமாகச் செம்பழுப்புக் கறை. புளிக்கறை என்று நினைத்து விளக்கைப் பார்த்தேன். தண்டில் பிடிபோல இருக்கிற வளையத்துக்குக் கீழே ஒரு நகக்கண் அளவுக்கு மஞ்சள் போய்விட்டது, அந்த இடத்தில் துரு. பித்தளையில் களிம்பு ஏறும், கறுக்கும், பச்சை படியும். துரு ஏறாது. சமையலறையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்குக் கொடுக்கிற விளக்கு.

அவசரத்தில் அன்று காலை நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு, அன்றைக்கு ஆறாவது நாள். ஆப்பில் ரிட்டர்ன் பொத்தானை அழுத்தியதும் காரணம் கேட்டது. முதலில் கண்ணில் பட்ட ‘தரம் திருப்தியாக இல்லை’ என்பதைத் தொட்டுவிட்டேன். கீழே தள்ளிப் பார்த்திருந்தால் ‘விவரத்தில் சொன்ன பொருள் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டிருக்க வேண்டும். முதலாவது உங்கள் ரசனை சம்பந்தப்பட்டது, இரண்டாவது அவர்கள் சொன்ன பொய் சம்பந்தப்பட்டது. கடைசி வரை என் புகாரைத் தட்டிக்கழிக்க அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு விளக்கை மட்டும் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் பக்கம் எங்களுக்குத் தெரிந்த பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி விரலை மடக்கித் தண்டில் ஒரு தட்டு தட்டினார். சத்தம் அங்கேயே செத்துவிட்டது. தன் கடை விளக்கை அதேபோலத் தட்டினார், கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துத் தண்டருகே கொண்டுபோனார். காந்தம் அவர் கையிலிருந்து நழுவிப் போய் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது.

“அக்கா, இது பித்தளை இல்லீங்க. இரும்புக் குழாய்க்கு முலாம் போட்டிருக்காங்க.”

“அப்ப எடை எப்படித் தம்பி சரியா இருக்கு?”

மரையைத் திருகித் தண்டு, தட்டு, மேலே இருக்கிற பிரபை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றினார். மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோகூட இல்லை. அடிப்பாகம் மட்டும் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதை என் பக்கம் சாய்த்து, மரைத் துளை வழியாகச் செல்போன் வெளிச்சம் அடித்துக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் சிமெண்ட். அடியில் ஒரு தகடு வைத்து மூடியிருந்தார்கள். தகட்டைப் பெயர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தொடவே தொடாதீங்க அக்கா, நீங்க உடைச்சதா சொல்லிருவாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தை பின்னால் எனக்கு எவ்வளவு உதவியது என்று அவருக்குத் தெரியாது. காந்தம் ஒட்டுவதை, ஒவ்வொரு பாகத்தையும் எடை போடுவதை எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டேன். கடை லெட்டர்ஹெட்டில் ‘பித்தளை அல்ல, இரும்பின்மேல் முலாம்’ என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை ரிட்டர்ன் எடுக்க வந்த பையன் போனில் இருந்த படத்தையும் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “மேடம், கறை இருக்கு, யூஸ் பண்ணியிருக்கீங்க, எடுக்க முடியாது” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குக் கொடுத்திருக்கிற வேலை அது. அவன் படி இறங்குவதற்குள் ‘ரிட்டர்ன் ரத்து செய்யப்பட்டது’ என்று மெசேஜ் வந்துவிட்டது. ஏழு நாள் கெடுவும் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் சாட். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருவார், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பார், புகாரை முடித்துவிடுவார். நான்கு முறை முடித்தார்கள். விற்பவர் தரப்பிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. முதலில் 500 ரூபாய் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் 1,500. என் வீட்டுக்காரர்கூட, “விடும்மா, கல்யாண வேலையைப் பார்ப்போம், வந்த வரைக்கும் லாபம்” என்றார். அந்த ஆயிரத்து ஐநூறை வாங்கியிருந்தால், விஷயம் சுமுகமாகத் தீர்ந்தது என்று பதிவாகியிருக்கும். அதற்கு மேல் நான் வாயைத் திறக்க முடியாது.

மூன்றாவது போன்தான் மோசமானது. “முழுப் பணமும் தருகிறேன் மேடம், ஆப்பில் இருக்கிற புகாரை நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், பத்து நிமிடத்தில் ஜிபே செய்கிறேன்” என்றார். கை பொத்தான்வரை போய்விட்டது. பக்கத்திலிருந்த என் மகள்தான், “அம்மா, கேன்சல் பண்ணிட்டா நம்ம கையில என்ன இருக்கும்?” என்று போனைப் பிடுங்கினாள். யாருக்கு இந்த மாதிரி போன் வந்தாலும் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: எதுவானாலும் ஆப்பில் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னதும் போன் வருவதே நின்றுவிட்டது. ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள், அங்கே வேறு கொள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அந்த விளக்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ‘சுத்தமான பித்தளை’ இருந்த இடத்தில் ‘பித்தளை ஃபினிஷ்’ என்று மாற்றியிருந்தார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன், அதில் ‘டெகரேட்டிவ் மெட்டல் ஐட்டம்’ என்று மட்டும் இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, ஆர்டர் போட்ட அன்றைக்கே மகள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “விளக்கு எப்படி இருக்கு?” என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். தேதியோடு, விலையோடு, ‘சுத்தமான பித்தளை’ என்ற எழுத்தோடு அது அப்படியே கிடந்தது. இந்த விவகாரத்தில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு படம். பெரிய தொகைக்கு எது வாங்கினாலும் விவரப் பக்கம் முழுவதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா மகன் ஒருவர் நுகர்வோர் வழக்குகள் பற்றித் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் என்று 2020-இல் ஒன்று வந்திருக்கிறது. அதில் 6-ஆவது விதிப்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ, பணத்தைத் தர மாட்டேன் என்றோ சொல்ல முடியாது. ஏழு நாள் கெடு என்று அவர்கள் போடுகிற சொந்தச் சட்டம் இதைத் தாண்டி நிற்காது. ஆப் நடத்துகிற நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பொருள் வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் அலுவலக முகவரி, மின்னஞ்சல் எல்லாம் தந்தாக வேண்டும்.

ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலைத் தேடி எடுத்தோம். கோபத்தைக் கொட்டாமல் ஒரே பக்கத்தில் எழுதினோம். என்ன சொல்லி விற்றார்கள், என்ன வந்தது, அதற்கு என்ன சான்று, எனக்கு என்ன வேண்டும். ஸ்கிரீன்ஷாட், வீடியோ, கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாள், பில் எல்லாம் இணைத்தோம். விற்பவரின் முகவரி வேண்டும் என்று தனி வரியில் கேட்டோம். மறுநாளே புகார் எண்ணோடு பதில் வந்தது. சாட்டில் இரண்டு வாரம் கத்தியும் கிடைக்காத எண்.

இரண்டு நாள் கழித்து 1915-க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து அந்த நிறுவனத்துக்கே அனுப்புகிறார்கள். உதவி எண் என்பது தீர்ப்புச் சொல்லும் இடமில்லை, ஆனால் அங்கிருந்து போகிற கடிதத்துக்குப் பதில் வருகிறது. அதுவும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு செய்திருந்தேன். நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை போகவில்லை. மெயில் அனுப்பிய பத்தொன்பதாம் நாள் ஆப் நிறுவனத்திலிருந்தே ஒரு பெண் அழைத்தார். முழுப் பணமும் தருகிறோம், விளக்கை எடுத்துக்கொள்ள ஆள் வருவார் என்றார். வந்தவர் பெட்டியை எடுத்ததையும் அவர் கொடுத்த ரசீதையும் வீடியோ எடுத்த பிறகே கையை விட்டேன். ஐந்து நாளில் 12,990 ரூபாயும் வந்துவிட்டது. அலைச்சலுக்கு ஒன்றும் தரவில்லை, நானும் அதற்கு மேல் போக வலுவில்லாமல் விட்டுவிட்டேன். நான் எழுதிய விமர்சனத்தை மட்டும் கடைசி வரை போடவில்லை, ‘விதிகளுக்கு உட்படவில்லை’ என்று பதில் வந்தது.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை ரயிலேறிக் கும்பகோணம் போய், அங்கிருந்து பஸ்ஸில் நாச்சியார்கோவில் போய்ச் சேர்ந்தேன். பட்டறை வாசலில் காவிரி வண்டல் மண் குவிந்திருந்தது, வார்ப்புக்கு அச்சு எடுக்கிற மண். பத்தர் நான் கேட்காமலே விளக்கைக் கழற்றி, அடிப்பாகத்தைக் கவிழ்த்து உள்பக்கம் காட்டினார். மண்ணின் சொரசொரப்பு அப்படியே படிந்த வெறும் பித்தளை. போனில் இருந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

“படத்துல இருக்கறது எங்க ஊரு விளக்குதாம்மா. அன்னத்தோட கழுத்த பாருங்க, இது இங்க செஞ்சது. உங்களுக்கு அனுப்பினதுதான் வேற.”

இன்று காலை அந்த ஆப்பைத் திறந்து தேடினேன். விற்பவர் பெயர் மாறியிருக்கிறது, விலை 11,490 ஆகியிருக்கிறது. படம் அதே படம். விளக்குக்குப் பின்னால் நீலத் திரை, வலது ஓரத்தில் பாதி தெரிகிற ஒரு மர முக்காலி. ‘சுத்தமான பித்தளை’ மறுபடியும் வந்துவிட்டது. அந்தத் திரையையும் முக்காலியையும் பார்த்தால் வாங்காதீர்கள்.