கேம்பருக்குள் புழுதி, தண்ணீர்: எதை எதால் அடைப்பது?

மழையில் ஒரு சொட்டுகூட ஒழுகாத கேம்பர் (பிக்கப்பின் சரக்குத் தொட்டிமேல் கூண்டு பொருத்தி, உள்ளே படுக்கும்படி மாற்றியது), மண் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியதும் படுக்கை விரிப்பு முழுக்கப் புழுதியாகி நிற்கும். அடைப்பு சரியில்லை என்று இன்னொரு டியூப் சிலிக்கானை அதே இடத்தில் பிதுக்குவார்கள். அடுத்த பயணத்திலும் அதே புழுதி.

தண்ணீரும் புழுதியும் வரும் வழி வேறு. தண்ணீர் மேலிருந்து இறங்கும். இரண்டு தகடுகள் நெருங்கி ஒட்டியிருந்தால் நுண்புழை ஏற்றத்தால் கொஞ்சம் மேலேயும் ஏறும். புழுதி காற்றோடு வருவது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய மண் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். கூண்டின் மேல்பக்க இடுக்குகள் வழியே உள்ளே இருக்கும் காற்று வெளியே இழுபடும். அந்தக் குறையை நிரப்ப, டெயில்கேட்டின் (தொட்டியின் பின்கதவு) அடி இடுக்கு வழியாகக் காற்று நுழையும். அதோடு மண்ணும்.

அசையாத இணைப்புகளில் தொடங்கலாம். ஜன்னல் சட்டம், கூரை மடிப்பு, திருகு துளை மாதிரி இடங்கள். இங்கே போட்டி சிலிக்கான், பாலியூரித்தேன், பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) மூன்றுக்கும்.

சிலிக்கானை நான் கூண்டு வேலைக்குச் சேர்ப்பதே இல்லை. வெயில் தாங்கும், சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பழைய சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும். புளித்த வாடை அடிக்கும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெயிண்ட் போன வெறும் இரும்பில் அது துருவுக்கு அழைப்பு.

சிகாஃப்ளெக்ஸ் 221 போன்ற பாலியூரித்தேன், பசையும் அடைப்பும் சேர்ந்தது. வண்டி முறுக்கிக் குலுங்கினாலும் விடாது. பெயிண்டும் அடிக்கலாம். காற்றின் ஈரத்தை வைத்தே இறுகும் என்பதால் வறண்ட நாளில் நேரமெடுக்கும். நேரடி வெயிலில் நாளாக நாளாக மேற்பரப்பு வெடிக்கும். கூரையில் திறந்தபடி இருக்கும் இணைப்புக்கு சிகாஃப்ளெக்ஸ் 521 யுவி போன்ற கலப்பு பாலிமர் வகைதான் நல்லது. பாலிகார்பனேட், அக்ரிலிக் ஜன்னல் ஓரத்தில் வைக்கும் முன், அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் என்று டியூபில் போட்டிருக்கிறதா பாருங்கள். ஒத்துவராதது மயிரிழை விரிசலைக் கிளப்பிவிடும்.

பியூட்டைல் டேப் இறுகவே இறுகாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைத்துத் திருகினால் ஓரத்தில் பிதுங்கி வரும். அதுவே இடைவெளி நிரம்பியதற்கு அடையாளம். பிறகு ஜன்னலைக் கழற்ற வேண்டி வந்தால் கையால் உரித்துவிடலாம். வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், மண்ணெல்லாம் அதில்தான் ஒட்டும். என் தேர்வு: கழற்றிமாட்டும் சட்டத்துக்கு பியூட்டைல், நிரந்தர மடிப்புக்கு பாலியூரித்தேன்.

திறந்து மூடும் கதவுகளில்தான் உண்மையான சண்டை. ஃபோம் டேப் வாங்கும்போது மூடிய கண் வகைதானா (உள்ளிருக்கும் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக மூடியிருப்பது) என்று பார்க்க வேண்டும். திறந்த கண் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக உள்ளே சொட்டும். மூடிய கண் ஃபோம்கூட நசுங்கி நசுங்கி ஒருநாள் எழாமலே போய்விடும். கூண்டுக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவே, இறுக்கிப் போட்டபடி அசையாமல் கிடக்கும் இடத்தில் அது போதும். கதவுக்கு இ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரில் வரும் குழல் பீடிங்தான் (கதவோரத்தில் ஓடும் ரப்பர் பட்டை) சரி. நடுவே வெற்றாக இருப்பதால் சுலபமாக நசுங்கும், ரப்பர் என்பதால் மீண்டு எழும், வெயிலையும் தாங்கும்.

பீடிங்கில் பசை வைத்ததும் உண்டு, உள்ளே இரும்புப் பல் வைத்து விளிம்பில் கவ்வுவதும் உண்டு. மாட்டுவதற்கு ஒரு தகட்டு விளிம்பு இருந்தால் யோசிக்காமல் கவ்வும் வகை. பசை வகை முதலில் விடுவது மூலையில்தான்.

அளவைக் கண்ணால் மட்டிட வேண்டாம். இடுக்கில் பல இடங்களில் பொம்மைக் களிமண் உருண்டை வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய தடிப்பை அளந்து பாருங்கள். 10 மி.மீ. வந்தால் 15 மி.மீ. குழல், அதாவது மூன்றில் ஒரு பங்கு நசுங்கும் அளவு. இதைவிடத் தடியாகப் போட்டால் தாழ்ப்பாள் விழாது. முட்டித் தள்ளி மூடினால் கதவு வளைந்து, வேறெங்காவது புது இடுக்கு திறக்கும். இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் கீழ்ப்பக்கம் வரட்டும், மேலே இருந்தால் மழை நேராக அங்கேதான் இறங்கும்.

பிக்கப்பின் டெயில்கேட்டுக்கு இவ்வளவும் செய்தாலும் அடி மூலை இரண்டும் பல்லிளிக்கும். கீல் இருக்கும் இடம், ரப்பர் தொடர்ந்து ஓட முடியாது. இங்கேதான் அடுத்த கேள்வி: இன்னும் அடைப்பதா, உள்ளே அழுத்தம் ஏற்றுவதா? கூரையில் முன்பக்கம் பார்த்த காற்றுவாய் ஒன்றை வடிகட்டியோடு வைத்தால், ஓடும் வேகமே காற்றை உள்ளே தள்ளும். அடைபடாத இடுக்குகள் வழியே காற்று வெளியேறும், புழுதி எதிர்த்து வர முடியாது. புழுதிக்கு இதுதான் முதல் மருந்து என்பேன். ஆனால் பெரிய ஓட்டைகளை அடைக்காமல் வைத்தால் ஏறிய அழுத்தம் நிற்காது. வடிகட்டி நிரம்பியதும் பலன் போய்விடும். மழையில் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரை நாமே கூப்பிட்ட கதை. முன்னால் போகும் வண்டியின் புழுதியில் மாட்டினால் வடிகட்டி சீக்கிரம் திணறும். இடைவெளி விட்டு ஓட்டுவதே வழி.

தொட்டியின் தரையில் இருக்கும் வடிகால் துளைகளை நிரந்தரமாக அடைப்பவர்கள் உண்டு. வேண்டாம். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அது போக வழி வேண்டும். கழற்றி மாட்டும் ரப்பர் அடைப்பான் போதும்.

சோதனைக்கு, இரவில் உள்ளே பிரகாசமான விளக்கை எரியவிட்டு வெளியே சுற்றி வாருங்கள், வெளிச்சம் கசியும் இடம் தெரியும். காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் அங்கே அழுத்தம் போதவில்லை. ஹோஸ் பிடித்தால் கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்றே தெரியாது.

இன்னொன்று: டெயில்கேட் வழியே புழுதி வரும் என்றால் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் வரும். வண்டி ஓடும்போது கூண்டுக்குள் ஆள் இருக்கவே கூடாது. நிறுத்தித் தூங்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், மேலே ஒரு காற்றுவாயும் கீழே ஒன்றும் திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் மூச்சின் ஈரமே காலையில் கூரையிலிருந்து சொட்டும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி சீலன்ட் டியூபைத் தேடிப் போகாதீர்கள்.