120 வோல்ட் தையல் மெஷினை 230-ல சொருகி, ரிப்பேர் பண்ணி, மூணு வருசம் ஓட்டுன அனுபவம்

எங்க நங்கை (அண்ணன் சம்சாரம்) அமெரிக்காவுல இருந்து வந்தப்ப எனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் தையல் மெஷின் தூக்கிட்டு வந்தாங்க, 60 தினுசு தையல் போடும், காஜா அதுவே எடுக்கும், நான் அவிநாசில ஊட்டுலயே ஜாக்கெட்டு, பாவாடை சட்டை தைக்கறவ, எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்குங்க. பொட்டியப் பிரிச்சு பத்து நிமிசம்கூட ஆகல, கொன்னுட்டேன்.

நடந்தது இதுதான். காத்தால இருந்து நங்கையோட லேப்டாப் சார்ஜர் ஒரு அடாப்டர்ல சொருகி நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, சரி அதுலயே மெஷினையும் போடலாம்னு சார்ஜரை உருவிப்போட்டு இதை மாட்டுனேன். லைட்டு ஒரு தடவ பளிச்சுனு வந்துச்சு, டப்புனு சத்தம், கருகுன வாசம். எங்க அத்தை அடுப்படில இருந்து "கைய எடு கண்ணு, கைய எடு"ன்னு ஓடியாறாங்க. அப்புறம்தான் மெஷினை கவுத்துப் பாத்தா அடியில 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. சார்ஜர்ல பாத்தா 100-240. அது எந்த ஊர் கரண்ட்லயும் ஓடும், இது ஓடாது. அந்த அடாப்டர் பின்னு வடிவத்தை மட்டுந்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாதுங்கறது அன்னைக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது, படிச்ச நங்கைக்கும் தெரியாது. அவங்க முடி நேராக்கற மெஷினும் அதே வாரம் போச்சு, அது இன்னும் மோசம், சூடு பண்ற சாமானுக்கு வோல்ட் கிட்டத்தட்ட டபுள் ஆனா சூடு நாலு பங்கு நெருக்கி வரும், அரை நிமிசத்துல பிளாஸ்டிக் இளகிப்போச்சு. அதை யாரும் ரிப்பேர் பண்ணல, குப்பைக்குத்தான்.

முதல்ல பக்கத்துலயே ஒரு கடைல குடுத்தேன், பேர் வேண்டாம். பியூஸ் போயிருக்கு, கூட ஒரு நீல வில்லை வெடிச்சிருக்கு, அது இல்லாட்டியும் ஓடும்னு வெட்டி எடுத்துட்டு, புது பியூஸ் போட்டு நேரா 230-லயே சொருகி காமிச்சாருங்க! நான் 120னு ரெண்டு தடவ சொன்னேன். லைட்டு எரிஞ்சுது, அவரு சிரிச்சாரு, கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து புஸ்ஸுனு ஆவி. 300 ரூபா வேற வாங்கிட்டாரு.

அதுக்கப்புறம் கோயமுத்தூர் கணபதில சர்க்யூட் போர்டு ரிப்பேர் பாக்கற ஒரு அண்ணன்கிட்ட போனேன். அவரு அந்த வெட்டிப்போட்ட நீல வில்லைய கேட்டாரு, நல்லவேளை கவர்ல போட்டு வெச்சிருந்தேன். பெரிய ஸ்டிக்கர் பொட்டு சைசுல வட்டமா, ரெண்டு காலு, பாதி ஒடைஞ்சு போச்சு, மீதில 221னு எழுத்து மட்டும் தெரியுது. அது பேரு வேரிஸ்டர்ங்களாம். 221னா 22க்கு பின்னால ஒரு சைபர், 220 வோல்ட். 120 வோல்ட் கரண்ட் உச்சத்துல 170 கிட்ட போகும், அது வரைக்கும் இது கம்முனு இருக்கும். நம்ம 230 உச்சத்துல 325 தொடும், அப்ப இது தானே கரண்டை இழுத்து பியூஸை போக வெச்சு தானும் வெடிக்கும். "உங்க மெஷினை காப்பாத்த செத்தது இதுதாம்மா, இதைத்தான் வெட்டி எறிஞ்சிருக்காங்க"ன்னாரு. முதல் தடவையே 50 ரூபா சாமானோட முடிய வேண்டிய வேலை. ரெண்டாவது தடவ சொருகுனதுல 200 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பி, பக்கத்துல ஒரு ஐசி சிப்பும் போயிருந்துச்சு. மோட்டாரும் மெயின் போர்டும் சின்ன வோல்ட்ல ஓடறதால தப்பிச்சுது.

எல்லாம் மாத்திட்டு அவரு நேரா சொருகல. 120 வோல்ட் கரண்ட்ல 100 வாட் குண்டு பல்பை சீரியஸ்ல போட்டு அது வழியா மெஷினுக்கு குடுத்தாரு. பல்பு ஒரு நொடி மின்னி மங்குச்சு. மங்காம முழுசா எரிஞ்சா உள்ள எங்கியோ ஷார்ட்டாம். ஒரேயடியா 230க்கே மாத்திக் குடுங்கண்ணான்னு கேட்டேன், 400 வோல்ட் கெப்பாசிட்டர் அந்த எடத்துல உக்காராது, மத்ததும் 120க்கு கணக்கு பண்ணுனது, வேண்டாம்மான்னுட்டாரு. மொத்தம் 1,150 ரூபா.

ஸ்டெப் டவுன், அதாவது நம்ம வோல்ட்டைக் குறைச்சு மெஷினுக்கு குடுக்கற பொட்டி, அந்த விசயத்துலயும் ஏமாந்தேன். முதல்ல வாங்குனது கைக்கு அடக்கமா 1000 வாட்னு போட்டது, அண்ணன் தூக்கிப் பாத்ததுமே கீழ வெச்சுட்டாரு, அது சூடு பண்ற சாமானுக்கு மட்டும், கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும், போர்டு இருக்கறதுக்கு ஆகாதாம். மோட்டார் காயில் கட்டறதுக்கு கோயமுத்தூர்ல பஞ்சமா, அவரு சொன்ன எடத்துலயே 300 விஏ-ல (வாட் மாதிரி ஒரு அளவு) செம்புக் கம்பி சுத்துன ட்ரான்ஸ்பார்மர் வாங்குனேன், நாலு கிலோ அரிசிப் பை கனம் இருக்கும். மூணு வருசமா அதுதான்.

மெஷின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. ட்ரான்ஸ்பார்மர் மட்டும் ம்ம்ம்னு முனகிட்டே இருக்கும், மெஷினை ஆஃப் பண்ணாலும் இது வெதுவெதுன்னு கிடக்கும், அதனால சுவிட்சையே ஆஃப் பண்ணிருவேன். வெயில் காலத்துல பொழுதோட எங்க தெருவுல 190க்கு எறங்குனா இந்தப் பக்கம் 95தான் வரும், அப்ப மெஷின் தடுமாறும், எந்திரிச்சு போயிருவேன். 60 ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு எத்தனை தடவ ஆடுதுங்கறது, அங்க 60, இங்க 50) பிரச்சினை இந்த மெஷினுக்கு இல்லைங்க. நங்கை குடுத்த மேசைக் கடிகாரத்துக்குத்தான், அதே ட்ரான்ஸ்பார்மர்ல மாட்டுனா மணிக்கு 10 நிமிசம் பின்னால போகுது, நம்மூர் 50-ஐ வெச்சு எண்ணுது போல.

வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, ஜாக்கெட்டு வேலைக்கு நான் இன்னும் பழைய மெஷின்தான் மிதிக்கறேன், இது காஜாவுக்கும் பூத்தையலுக்கும். நம்ம ஊர் சாக்கெட்டுல சிலதுல அந்த அமெரிக்கா தட்டைப் பின்னும் ஏறுது, அதனால மெஷின் பிளக்கை ட்ரான்ஸ்பார்மர்ல இருந்து உருவ முடியாதபடி சிவப்பு டேப் சுத்தி வெச்சிருக்கேன், பையன் ஒருக்கா பிரிக்கப் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டான்.

இப்ப பாபின் கேஸ் தேஞ்சு நூல் சிக்குது, இங்க எதுவும் பொருந்தல. நோம்பிக்கு வரும்போது வாங்கியாறச் சொல்லியிருக்கேன், நங்கை போன்ல மொதல் கேள்வியே "அது எத்தனை வோல்ட்டு?"