சூப்பர் குளூவோடு சோடாவா, திருநீறா, பென்சில் தூளா? இரண்டு ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

சூப்பர் குளூவின் மேல் ஆப்ப சோடாவைத் தூவினால் கல்லாகிவிடும் என்று காட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. கல்லாவது உண்மைதான். ஆனால் கெட்டியாக இருப்பதும் உறுதியாக இருப்பதும் ஒன்றல்ல. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அடிக்கடி உடைபவை வாக்யூம் கிளீனரின் கொக்கி, ரிமோட்டின் பேட்டரி மூடி, ஃபிரிட்ஜ் கதவுத் தட்டின் ஓரம், திருகு பிடிக்காமல் தேய்ந்துபோன துளை, கொலு பொம்மையின் விரல். சமையலறையிலும் பூஜை அலமாரியிலும் மேசை இழுப்பறையிலும் கிடைக்கும் தூள்களைப் போட்டு இவற்றை ஒட்டி, இரண்டு ஆண்டு புழங்கியதில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதுதான் இந்தப் பகிர்வு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்தத் தூளும் பசையின் பிடிப்பைக் கூட்டுவதில்லை. உடைந்த இரண்டு முகங்களும் இடைவெளியில்லாமல் பொருந்தினால், நடுவில் மெல்லிய பசை மட்டும் இருப்பதே நல்லது. அங்கே சோடாவைத் தூவினால் இரண்டு முகங்களும் விலகி நிற்கும், ஒட்டு முன்னைவிட மோசமாகும். துண்டு காணாமல் போய் விழுந்த பள்ளத்தை நிரப்பவும், ஒட்டிய கோட்டுக்குப் பின்பக்கம் முட்டுக் கொடுக்கவும்தான் தூள் தேவை. இதைக் கவனிக்காமல் செய்யும் ஒட்டுகளே பெரும்பாலும் இரண்டாம் வாரம் கையோடு வந்துவிடுகின்றன.

கடையில் கிடைக்கும் சாதாரண சூப்பர் குளூ எத்தில் சயனோஅக்ரிலேட். இது காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் அந்த வேகம் பல மடங்காகும், அமிலத்தன்மை பட்டால் மந்தமாகும். ஆப்ப சோடா லேசான காரம். அதனால்தான் பசை அதைத் தொட்ட சில நொடிகளில் இறுகுகிறது. சிங்கப்பூரின் காற்று ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், தூள் இல்லாமலேயே இங்கே பசை அவசரப்படும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் சன்னலோரம் ஒட்டினால், கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒட்டைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கல் விழும். பசையின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அருகிலேயே இறுகிப் படிவதே காரணம். ஏர்கான் அரை மணி நேரம் ஓடிய அறையில், சின்ன மின்விசிறியை ஒரு பக்கமாக வீசவிட்டு ஒட்டினால் மங்கல் வெகுவாகக் குறைகிறது. முடித்தவுடன் கதவைத் திறந்துவிட வேண்டும், ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

எந்தப் பசை என்பது எந்தத் தூள் என்பதைவிட முக்கியம். தண்ணீர்போல ஓடும் பசைதான் தூளுக்குள் இறங்கும். பேட்டைக் கடைகளில் தொங்கும் ‘502’ என்ற சூப்பர் குளூ போதும். ஜெல் வகை தூளின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஜெல் வாங்கியிருந்தால் தூளை மறந்துவிடலாம், சிறு இடைவெளியை அது தானே நிரப்பும்.

இப்போது சோடா. பள்ளத்தில் நிரப்பிய வெள்ளைத் தூளின் மேல் ஒரு சொட்டு விழுந்ததும், ஈர மணல்போல ஒரு வட்டம் கறுத்துப் பரவும். உடனே மெல்லிய ஆவி எழும். விரலை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும். பத்து எண்ணுவதற்குள் நகத்தால் தட்டினால் ‘டக் டக்’ என்று பீங்கான் சத்தம் கேட்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஏமாறுவதும் அங்கேதான். அப்படிப் போட்ட ஒரு தடித்த கட்டி பின்னாளில் உடைந்தபோது குறுக்குவெட்டைப் பார்த்தால், வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓடு மட்டும் கல்லாக இருக்கிறது. நடுவில் காய்ந்த சோடா அப்படியே கொட்டுகிறது. மேல்பரப்பு நொடியில் இறுகிவிடுவதால் பசைக்கு உள்ளே இறங்க வழியில்லை. குளியலறையில் இது இன்னும் கெடுதல். சோடா தண்ணீரில் கரையும், கீறல் வழியே ஈரம் உள்ளே போனால் கட்டி பொக்கையாகிவிடும்.

அதனால் அடுக்கடுக்காகத்தான் போட வேண்டும். ரிமோட் மூடியின் நாக்கு உடைந்ததாக வைத்துக்கொள்வோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்து உலர விடவும். முதலில் தூள் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு சின்னச் சொட்டில் நாக்கை இடத்தில் பொருத்தி ஒரு நிமிடம் அசைக்காமல் பிடிக்கவும். பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கத்தில், ஒட்டிய கோட்டின் மேலேயே, பேனாக்கத்தியால் 1 மி.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு வாய்க்கால் சீவவும். கோட்டின் இரு பக்கமும் 5 மி.மீ. அகலத்துக்கு 180 அல்லது 240 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கவும். வாய்க்காலில் சோடாவை நிரப்பி, பழைய அட்டையால் வழித்து, மீதியை ஊதாமல் தட்டிக் கொட்டவும். ஊதினால் எச்சில் ஈரம் படும். பிறகு ஒரு முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பசை. தூள் முழுவதும் நனைந்து நிறம் மாற வேண்டும். ஒரு நிமிடம் விட்டு அடுத்த அடுக்கு. ஓர் அடுக்கு 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஐந்து நிமிடத்தில் அரம் போட்டுச் சீர்செய்யலாம், ஆனால் 24 மணி நேரம் போகாமல் பாரம் கொடுக்கக் கூடாது.

இப்படிச் செய்த சோடா ஒட்டுகள் அழுத்தத்துக்கு நன்றாகத் தாங்குகின்றன. கீழே விழுந்தால்தான் பிரச்சினை. இடுப்பு உயரத்திலிருந்து தரையோட்டில் விழுந்தால் சோடாக் கட்டி உடைவதில்லை, முழுசாகப் பெயர்ந்து தெறிக்கிறது. வளையும் பிளாஸ்டிக்கோடு வளையத் தெரியாத கட்டி அது.

தேய்ந்த திருகுத்துளைக்கு எல்லோரும் சோடாவையே சொல்வார்கள். பலித்த இடங்கள் உண்டு, ஆனால் பிளாஸ்டிக் குழலின் சுவர் மெல்லியதாக இருந்தால் திருகு ஏறும்போது கட்டி பிளந்து சுவரையும் சேர்த்துப் பிளக்கும். 3 மி.மீ. திருகு என்றால் 2.5 மி.மீ. துளையை முழு ஆழத்துக்கும் போட்டுவிட்டு, கையால் மெதுவாகத் திருக வேண்டும். மின்திருகியை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. துளை போடும்போது வரும் தூள் வெண்மையாக, வறண்டு இருந்தால் உள்ளே பசை இறங்கவில்லை என்று அர்த்தம். சுரண்டிவிட்டு மறுபடி அடுக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

இந்த வேலைக்கு எங்கள் ஓட்டு பென்சில் தூளுக்கு. 2பி பென்சிலின் முனையை உப்புத்தாளில் தேய்த்தால் கிடைப்பதுதான். அது பசையை அவசரப்படுத்துவதில்லை, அதனால் ஆழம்வரை இறங்கும். சோடாக் கட்டியைவிடச் சற்று மென்மையானது, துளை போடும்போது பொரிந்து தெறிக்காது, கறுப்புப் பிளாஸ்டிக்கில் நிறமும் பொருந்தும். அளவு கூடினால் வழவழப்பு வந்து பிடிப்பு போய்விடும். பசையும் தூளும் பாதிக்குப் பாதி என்பது உச்ச வரம்பு. மின்சாரம் கடத்தும் தூள் என்பதால் சர்க்யூட் பலகையின் பக்கம் கூடாது.

டால்கம் பவுடரும் இதே நிதானமான ரகம். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் நான்கைந்து சொட்டுப் பசையை விட்டு, பல்குச்சியால் பவுடரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தோசை மாவுப் பதத்துக்குக் கலக்கினால், பூசிச் சமப்படுத்த ஓரளவு நேரம் கிடைக்கும். அந்த மூடியில் பசை ஒட்டாது, காய்ந்ததும் உரித்துப் போடலாம். டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்கவும். இப்போது பல பேபி பவுடர்களில் டால்க் இல்லை, சோள மாவுதான். மாவு வகைகள், அது அரிசி மாவானாலும் சோள மாவானாலும், ஈரமான இடத்தில் ஊதிக் கறுத்துவிடுகின்றன. உப்பு கரைந்து ஓட்டை விடும். பேக்கிங் பவுடர் சோடா அல்ல, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். மர நிறத்துக்காகக் கோப்பித் தூளைப் போடலாமா என்றால், இங்கே கோப்பிக்கொட்டையைச் சீனியும் கொழுப்பும் சேர்த்து வறுப்பது வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கில் பசை இறுகாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

திருநீறு சுவாரசியமான விஷயம். பசுஞ்சாணச் சாம்பல் என்றால் காரமும் மணற்சத்தும் உள்ள நைசான தூள், சோடாவைப்போலவே வேகமாக இறுகி, சாம்பல் நிறத்தில் இன்னும் நெருக்கமான கட்டி தருகிறது. ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு சரக்கு மாறும். சிலவற்றில் சுண்ணப்பொடி, சிலவற்றில் வாசனை எண்ணெய். சிட்டிகை எடுத்து வினிகர் விட்டால் நுரை பொங்குவது சுண்ணப்பொடி. அதுவும் கெடுதல் இல்லை, வாசனை எண்ணெய் உள்ளதுதான் ஆகாது. கொலு பொம்மையின் விரலுக்கு இது பொருத்தமாக அமைகிறது, மண்ணின் மேல் வண்ணமும் நன்றாகப் பிடிக்கிறது. செருப்பு ஒட்டத் திருநீற்றை எடுத்தால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்பது அவரவர் பாடு. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். குழைவாக இருக்கும் அதன் ஈரத்தில் பசை வெள்ளைத் துகளாகத் திரிந்துவிடும்.

வளையும் உறுப்புக்கு எந்தத் தூளும் போதாது, அங்கே நார் வேண்டும். வாக்யூம் கிளீனரின் கொக்கி நின்றது பாலியெஸ்டர் தையல் நூலால்தான். ஒட்டிய கோட்டுக்குக் குறுக்காக மூன்று நான்கு இழைகளைப் படுக்கவைத்து, 502-ஐ ஊறவிட்டு, அதன் மேல் மெல்லிய ஓர் அடுக்கு பென்சில் தூள் அல்லது சோடா. தட்டு ஓரங்களுக்கு ஸ்டேப்ளர் ஊசியை நிமிர்த்தி வாய்க்காலில் பதிக்கலாம். பஞ்சு மட்டும் கூடவே கூடாது. பருத்தியோடு இந்தப் பசை சேர்ந்தால் சட்டென்று கொதித்துப் புகையும், தோலைச் சுடும். பஞ்சுக் கையுறையும் பருத்தி டி-சட்டை மடியும் அதே ஆபத்துதான்.

எதுவுமே ஒட்டாத பிளாஸ்டிக் உண்டு. வாளி, துணிக்கூடை, சாப்பாட்டு டப்பா மூடி போன்றவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணக் குறிக்குள் 2, 4, 5 என்ற எண் இருந்தால் 502-ஐ வீணாக்க வேண்டாம். குறி இல்லையென்றால் சின்னச் சீவலைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடவும். மேலே மிதந்து வந்தால் அந்த ரகம், மூழ்கினால் ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்போல ஒட்டும் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளிப் பையின் பக்கிள் மூழ்கும், ஆனாலும் பல பக்கிள்கள் அசிட்டால் பிளாஸ்டிக் என்பதால் பிடிக்காது. புது பக்கிள் வாங்கித் தைப்பதே மேல்.

எந்தத் தூளைத் தேர்ந்தெடுப்பது என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரியான 30 செ.மீ. பிளாஸ்டிக் அடிக்கோல் நான்கை நடுவில் உடைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தூளால் ஒட்டி ஒரு நாள் விடவும். ஒட்டிய கோடு மேசை விளிம்புக்குச் சரியாக வெளியே வரும்படி இறுக்கிக் கட்டி, மறுமுனையில் பையைத் தொங்கவிட்டு, அளவுக் கோப்பையால் 100 மி.லி. வீதம் பைக்குள் இருக்கும் போத்தலில் தண்ணீர் ஊற்றவும். எத்தனை கோப்பையில் ஒடிகிறது என்பதோடு எங்கே ஒடிகிறது என்றும் பார்க்கவும். கட்டி பிளாஸ்டிக்கிலிருந்து உரிந்து வந்தால் உப்புத்தாள் வேலை போதவில்லை, கட்டியே நடுவில் விண்டால் தூள் நனையவில்லை.

சூட்டில் இந்தப் பசை 80 டிகிரியை நெருங்கும்போதே தளரத் தொடங்கும். சோற்றுப்பானை மூடி, கொதிநீர்க் கெட்டில், வெயிலில் நிறுத்தும் காரின் முகப்பில் ஒட்டிய கைப்பேசிப் பிடிப்பு, எல்லாவற்றுக்குமே இந்தப் பசை ஆகாது. மின்விசிறியின் இறக்கை, துணி காயப்போடும் கழியின் பிடிப்பு, சன்னல் உறுப்பு எதையும் ஒட்டிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். கீல் சன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றச் சொல்லி 2004-இல் இங்கே சட்டமே வந்தது. பத்தாவது மாடியிலிருந்து விழுவதற்கு இரண்டு வெள்ளிப் பசை பொறுப்பேற்காது.

விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கவும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியும் கரைக்கும், ஆனால் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் ஒட்டிய பொருளில் படக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், இமையைப் பிரிக்க முயலக் கூடாது.

திறக்காத குழாயை ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் கோத்துவிடும், அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். திறந்த குழாயை நிமிர்த்தி, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான ஜாம் போத்தலில் வைத்தால் இந்த ஊர் ஈரத்திலும் சில மாதங்கள் ஓடுகிறது. குழாயின் மூக்கை மூடுமுன் ஒரு தட்டு தட்டிப் பசையை உள்ளே இறக்கிவிட்டு, நுனியைத் துணியால் அல்லாமல் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் துடைக்கவும். சோடா தொட்ட நுனியை மூடிவிட்டால் மறுநாள் குண்டூசிகூட இறங்காது.