அம்பாசடர் ஒயரிங்கில் ஹீட் ஷ்ரிங்க் லேபிள்: ஓராண்டுக்குப் பிறகு

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டிலுள்ள 1985-ஆம் ஆண்டு அம்பாசடரின் ஒயரிங்கைச் சென்ற தை மாதத்தில் முழுவதுமாக மாற்றினோம். அப்போது பெரும்பாலான ஒயர்களின் இரு முனைகளிலும், லேபிள் பிரிண்டரில் அச்சிட்ட ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, அதாவது சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை, லேபிளாகப் போட்டோம். ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும் கடந்துவிட்டதால், அந்த லேபிள்களைப் பற்றி இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த இந்த வண்டியில் பழைய ஒயர்கள், பிரிட்டிஷ் வண்டிகளில் வழங்கிய லூகாஸ் நிற முறையில் இருந்தன: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சை, ஹெட்லைட் நீலம், எர்த் கறுப்பு. ஏறத்தாழ நாற்பது ஆண்டு எண்ணெயிலும் தூசியிலும் பழுப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடே தெரியாமல் போயிருந்தது. புதிய ஒயர் வாங்கப் போனால், கோடு போட்ட இரட்டை நிற ஒயர்கள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. நான்கைந்து ஒற்றை நிறங்களே கிடைத்தன. எனவே நிறம் சொல்ல வேண்டியதை எழுத்துதான் சொல்லியாக வேண்டும்.

சில ஒயர்களில் வேறு வழிகளையும் செய்து பார்த்தோம். இன்சுலேஷன் டேப்பைக் கொடிபோல ஒட்டி மார்க்கரால் எழுதியவை வைகாசிக்குள் பசை இளகி, ஒயரோடு வழுக்கி நகர்ந்துவிட்டன. லேமினேட் செய்த லேபிள் டேப் டேஷ்போர்டுக்குள் இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பானட்டுக்கு அடியில், மெல்லிய ஒயரைச் சுற்றிய இடங்களில் அதன் ஓரங்கள் எழும்பிவிட்டன. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் பசையே இல்லை. சூடு பட்டதும் தானே சுருங்கி ஒயரைப் பிடித்துக்கொள்கிறது. டீசல் நனைத்த துணியால் துடைத்தும் எழுத்து மங்கவில்லை. சம்பா நடவுக் காலத்துச் சேறு படிந்த பின்பக்க விளக்கு ஒயர்களிலும், கழுவியவுடன் எண் தெளிவாகத் தெரிந்தது.

வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பிரிண்டர் ரிப்பன் மையை உருக்கி அச்சிடும் வகையாக இருக்க வேண்டும். பேருந்துப் பயணச்சீட்டுபோல் சூட்டினால் தாளே கறுக்கும் வகை, இன்ஜின் சூட்டுக்கு ஆகாது. இரண்டாவது, அளவு. ஸ்லீவ் சுருள் அடங்கிய 5.8 மி.மீ. கேசட் 1.7 முதல் 3.2 மி.மீ. வரை விட்டமுள்ள ஒயருக்குப் பொருந்தும். இது மேலுறையையும் சேர்த்த விட்டம். கடையில் சொல்லும் 1.5 சதுர மி.மீ. என்பது உள்ளிருக்கும் செம்பின் பரப்பு மட்டுமே என்பதால், வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்து வாங்குவதே நல்லது.

ஒயர் முனையில் லக் (அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடிப்பதற்கு முன்பே ஸ்லீவைக் கோத்துவிட வேண்டும். ஹெட்லைட் ஒயர் ஒன்றில் இதை மறந்து, அடித்த லக்கை வெட்டியெறிய நேர்ந்தது. எங்கள் பிரிண்டரில் தமிழ் எழுத்து இல்லாததால், வண்டி மின் இணைப்புகளுக்கு எண் கொடுக்கும் ஜெர்மானிய டின் (DIN) 72552 தரத்தின் எண்களைப் பயன்படுத்தினோம்: பேட்டரிக்கு 30, இக்னிஷனுக்கு 15, எர்த்துக்கு 31, பார்க்கிங் விளக்குக்கு 58. அவற்றின் தமிழ் விளக்கம் ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. மார்கழியில் ஹாரன் வேலை செய்யாதபோது, வண்டியை முன்பின் பார்த்திராத எலக்ட்ரீஷியன் அண்ணன், அந்தத் தாளைப் பார்த்தே சரியான ஒயரைப் பிடித்துவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய நிறைவு இல்லை.

குறை என்று சொன்னால் விலைதான். 1.5 மீட்டர் கேசட்டில் 2 செ.மீ. வீதம் 75 லேபிள் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு அச்சின் தொடக்கத்திலும் சிறு துண்டு வீணாகிறது. எண்களைத் தொடர்ச்சியாக அடித்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டால் இழப்பு குறையும். ஒயரிங் பட்டறை வைத்திருப்பவர் தயங்காமல் பிரிண்டரை வாங்கலாம். ஒரே ஒரு வண்டிக்கு என்றால், எண்ணைத் தாளில் அச்சிட்டு ஒயரில் சுற்றி, அதன்மேல் நிறமற்ற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சுருக்கினால் போதும். தண்ணீர் தெறிக்காத டேஷ்போர்டுப் பகுதியில் அப்படிச் செய்த ஆறு ஒயர்களும் இன்றுவரை படிக்கும்படியே இருக்கின்றன.