"உங்க பையன் மாதிரிம்மா"ன்னு கையப் புடிக்கிற நகைக்கடைல பில்லப் பிரிச்சுக் கேளுங்க

கோயமுத்தூர்ல தெரட்டி சீர் (பொண்ணு வயசுக்கு வந்தா செய்யற சீர்), கல்யாணம்னு நகை எடுக்கப் போறவங்க, முக்கியமா வீட்டுப் பெரியவங்கள முன்னாடி அனுப்பிட்டு ஆபீஸ் முடிச்சு பின்னாடி போய்ச் சேந்துக்கலாம்னு இருக்கவங்க இத முழுசா படிச்சிருங்க. கடை பேரு போடல, கம்ப்ளைன்ட் இன்னும் ஓடிட்டு இருக்கு. பல மாடி வச்ச பெரிய கடை, விளம்பரம் தினமும் டிவில வருது, அது போதும்.

அக்கா மகளுக்கு தெரட்டி சீர். அம்மிச்சி (அம்மாவப் பெத்தவங்க) சீரா ஒன்றரை பவுன்ல ஒரு செயின் எடுக்கணும்னு எங்கம்மாவுக்கு ஆசை, கையில இருக்க பழைய ரெட்டவட செயினையும் கொண்டு போயிருந்தாங்க, வெல சரியா வந்தா மாத்திக்கலாம்னு. நான் போய்ச் சேர்றப்ப அம்மா சேர்ல உக்காந்திருக்காங்க, பக்கத்துல பாதாம்பால் டம்ளர், எதுக்க இருபத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு பையன், அவனுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு. அம்மா கையில ரெண்டு வளையல் ஏறியிருக்கு. நாங்க வளையலே கேக்கல. பிளாஸ்டிக் கவரக் கையில மாட்டி அது மேல வளையல வச்சு அழுத்தித் தள்ளுவாங்க பாருங்க, அப்படித் தள்ளி ஏத்திருக்காங்க, கட்டவிரல் முட்டி கிட்ட தோல் செவந்து போயிருக்கு. சுகர் இருக்கவங்க கை அது. "பாருங்கக்கா, லட்சுமி அம்மா கையிலயே உக்காந்துட்டா, எறங்கமாட்டேங்கறா"ன்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லுது. அம்மா வலிக்குதுன்னு சொல்லவும் முடியாம சிரிச்சுட்டு உக்காந்திருக்காங்க.

பேச்ச கேக்கணுமே. அம்மான்னு ஆரம்பிச்சது மம்மி ஆகி, அப்புறம் செல்லம், "எங்க செல்லத்துக்கு இது எவ்வளவு எடுப்பா இருக்கு"ன்னு அறுவத்தஞ்சு வயசு மனுசிய தாடையப் புடிச்சு கண்ணாடி பக்கம் திருப்புறான். "எனக்கு அம்மா இல்லைங்கம்மா, உங்களப் பாத்தா எங்கம்மாவப் பாத்த மாதிரியே இருக்கு"ன்னு சொன்னானாம். அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது, நெசமாவே இருந்தாலும் யாவாரம் பண்ற எடத்துல அத எதுக்கு எடுக்கணும்? எங்க பக்கம் பெத்த புள்ளையவே வாங்க போங்கன்னு கூப்புடுறவங்க நாங்க, கடைக்காரர் அம்மான்னு கூப்புடுறதோ அக்கான்னு கூப்புடுறதோ எனக்குக் கொறையே இல்ல, காய்கறிக்கடை அண்ணன் அப்படித்தான் கூப்புடுறாரு, தராச எங்க பக்கம் திருப்பி வச்சுட்டுக் கூப்புடுறாரு. இங்க என்னன்னா ஒரு கேள்வி கேட்டா ஒறவு முன்னாடி வந்து நிக்குது. சேதாரம் எத்தன பர்சென்ட்னு அம்மா கேட்டிருக்காங்க, "பையன் உங்ககிட்ட போய் ஜாஸ்தி போடுவனா?"ன்னு பதில். இதுக்கு மேல அந்த வயசுக்காரங்க எப்படிக் கேப்பாங்க, கேட்டா அந்தப் பையன நம்பாத மாதிரி ஆயிருமேன்னு அவங்களுக்கே கூச்சம் வந்துருது. அதத்தான் இவனுங்க எதிர்பாக்கறாங்க.

பழைய செயினுக்கு வர்றேன். எடை மெஷின்ல வச்சப்ப 15.800 காட்டுச்சு, நான் பாத்தேன். துண்டுச் சீட்டுல அவன் எழுதுனது 14.200. என்னங்க இதுன்னா அழுக்கு இருக்குக்கா, பத்தவச்ச எடம் இருக்குக்கா, உருக்குனா எறங்கும்க்கா. உருக்கி எறங்கட்டும், எறங்குனத கண் முன்னாடி பாத்து ஒத்துக்கறேன், உருக்காமயே 1.6 கிராம எப்படிக் கழிப்பீங்க? தங்கத்தோட தரம் காட்டுற கேரட் மீட்டர்ல வச்சுக் காட்டுங்கன்னேன், மெஷின் ஸ்க்ரீன் அவங்க பக்கம் பாத்துத்தான் இருந்துச்சு, நம்பர வாயால சொன்னாங்க, திருப்பிக் காட்டச் சொன்னதுக்கு "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, ஜூஸ் சொல்லட்டா"ங்கறான். செயின வாங்கி அம்மா பைல போட்டுட்டேன்.

வளையலும் வேண்டாம், சோப்பு போட்டு மெதுவா கழட்டிக் குடுங்கன்னு சொன்னேன். அந்த நிமிசத்துல கொரல் மாறுச்சு பாருங்க, அத என்னால இன்னும் மறக்க முடியல. செல்லம் போச்சு, மம்மி போச்சு, "என்னம்மா நீ, இவ்வளவு நேரம் எடுத்துக் காட்டுனது வேஸ்ட்டா?"ன்னு எங்கம்மாவப் பாத்து. நீ! பக்கத்துல இருக்க பொண்ணுகிட்ட "ட்ரேய உள்ள வை, பாத்துட்டுப் போற கேசு"ன்னு எங்க காதுல விழற மாதிரியே. அம்மா மொகம் சின்னதாப் போச்சு. அந்தச் சங்கடத்துல, சரி சாமி அந்த ஒன்றரை பவுன் செயினையாவது பில் போடுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

பில்லு எப்படின்னா, கால்குலேட்டர டொக்கு டொக்குனு தட்டி கடைசி தொகைய மட்டும் திருப்பிக் காட்டுவாங்க. பிரிச்சுச் சொல்லுங்கன்னா "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடுறதுக்கா, அம்மா மொகத்துக்காக கொறைச்சிருக்கேன்". பிரின்ட் வந்தப்புறம் பாத்தா வி.ஏ. 18 சதவீதம். வி.ஏ.ன்னா வேற ஒன்னுமில்ல, சேதாரம் செய்கூலி எல்லாம் சேத்து இப்ப இந்தப் பேர்ல போடுறாங்க. எங்க சித்தி மருமக அதே கடையில, அதே டிசைன் செயின, அதே வாரம் எடுத்திருக்கா, நின்னு பேசி 12 சதவீதத்துக்கு. அவ பில்ல நான் கையில வாங்கிப் பாத்தேன். சேதாரத்துக்கு இவ்வளவுதான்னு அரசாங்கம் எந்த உச்சவரம்பும் வைக்கல, ஆளப் பாத்துப் போடுறாங்க. கணக்கு சுலபமா இருக்க கிராம் 9,000னு வச்சுக்கோங்க, 12 கிராமுக்கு 18 சதவீதம்னா 2.16 கிராம், அதாவது 19,440 ரூபா. 12 சதவீதம்னா 12,960. வித்தியாசம் 6,480, அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி வேற. இதுதான் "அம்மா மொகத்துக்காக" கொறைச்ச லட்சணம்.

இன்னொன்னும் பண்ணிருக்காங்க, வீட்டுக்கு வந்து கவரப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது. நான் வர்றதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட ஒரு பாரத்துல கையெழுத்து வாங்கி 5,000 ரூபாய மாசச் சீட்டு ஸ்கீமுக்கு மொத தவணையா கட்ட வச்சிருக்காங்க. வெள்ளிக் காசு கிஃப்ட்டுக்கு கையெழுத்துன்னு அம்மா நெனச்சிருக்காங்க. பாரத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல பாத்தா சேதாரம் இலவசம்ங்கறது ஒரு அளவு வரைக்கும்தான், அதுக்கு மேல போற டிசைனுக்கு நம்மதான் கட்டணும், நடுவுல நிறுத்துனா போனஸ் கெடையாது. இந்த ஸ்கீமெல்லாம் ஏன் 11 மாசமா இருக்குன்னா, கம்பெனிகளுக்கான 2014 டெபாசிட் விதிப்படி பொருளுக்கு முன்பணமா வாங்குற காச 365 நாளுக்குள்ள பொருளாக் குடுத்து முடிக்கணும், இல்லன்னா அது டெபாசிட் கணக்குல போயிரும். அதனால எவனாவது வருசம் தாண்டி இழுக்குற ஸ்கீம் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அப்புறம் போன் நம்பர். பில்லுக்கு நம்பர் கட்டாயம்னு வாங்குனாங்க, மறுநாள்ல இருந்து அந்தப் பையன் சொந்த நம்பர்ல இருந்து அம்மாவுக்கு குட் மார்னிங் மெசேஜ், முருகர் படம், வளையல் போட்டோ, "அம்மா சாப்டீங்களா, எப்ப வர்றீங்க"ன்னு வாய்ஸ் நோட். நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே கடைகளுக்குச் சொல்லிருச்சு. வேண்டாம்னு சொல்லுங்க.

அந்தப் புள்ளைங்க மேல எனக்கு முழுக் கோபம் இல்ல, டார்கெட் குடுத்து இப்படிப் பேசச் சொல்லி நிறுத்தறது மேல இருக்கவங்கதான். உக்கார சேர் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டமே திருத்துனாங்க, அந்த மாடில விக்கிறவங்க பக்கம் ஒரு ஸ்டூல் கூட நான் பாக்கல. ஆனா எங்கம்மா தாடைய புடிச்சதுக்கும் நீன்னு சொன்னதுக்கும் டார்கெட் காரணம் ஆகாதுங்க.

போறவங்க பாக்க வேண்டியது. நகைல மூணு முத்திரை இருக்கணும், பிஐஎஸ் (தரச் சான்று குடுக்கற மத்திய அரசு அமைப்பு) லோகோ, 22 கேரட்டுன்னா 22கே916, அப்புறம் ஹெச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியா இருக்க, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். 2023 ஏப்ரல் 1ல இருந்து இந்த ஹெச்யுஐடி இல்லாம ஹால்மார்க் நகைன்னு விக்கவே கூடாது, ரெண்டு கிராமுக்குக் கீழ இருக்கறது மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு. கடைல நிக்கும்போதே பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரப் போட்டா என்ன நகை, என்ன தரம்னு வந்துரும், லென்ஸ் கேளுங்க, குடுக்கணும். பில்லுல நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியா வரணும், கல்லு வச்ச நகைன்னா கல் எடை கழிச்சுத்தான் தங்கத்துக்கு வெல. தரத்துல சந்தேகம்னா ஹால்மார்க்கிங் சென்டர்ல நம்மளே காசு கட்டி சோதிக்கலாம், கொறைஞ்சா அந்தக் கொறைக்கு ரெண்டு மடங்கும் சோதனைக் காசும் கடை தரணும்னு பிஐஎஸ் விதி இருக்கு. துண்டுச் சீட்ட மட்டும் வாங்கிட்டு வந்தீங்கன்னா இது எதுவுமே நடக்காது. பழைய நகை எடை பாக்கறப்ப மெஷின் டிஸ்ப்ளேவ போட்டோ எடுங்க, பேச்சுக் குடுத்துத் திருப்புவாங்க, திரும்பாதீங்க. பெரியவங்க கையில கேக்காம எதையாவது மாட்டுனா அங்கயே சத்தமா வேண்டாம்னு சொல்லுங்க.

நான் 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், பில், பாரம், வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேத்து. அதுக்கப்புறம் கடை மேனேஜர் கூப்புட்டாரு, அவரும் "அக்கா நம்ம குடும்பம் மாதிரி"ன்னுதான் ஆரம்பிச்சாரு, மேடம்னு சொல்லுங்க இல்ல பேரச் சொல்லுங்க, விசயத்துக்கு வாங்கன்னேன். ஸ்கீம் காசு 5,000 முழுசா அக்கவுண்டுக்கு வந்துருச்சு. சேதார வித்தியாசத்துக்கு "கம்பெனி பாலிசி"ங்கறாங்க, எங்கம்மாகிட்ட நடந்துகிட்டதுக்கு மன்னிப்பு எழுத்துல கேட்டிருக்கேன், இன்னும் வரல. வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப் போறேன், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல. இதே மாதிரி யாருக்காவது ஆயிருந்தா பில்லத் தூக்கிப் போட்டுராதீங்க, எனக்கு எழுதுங்க, சேந்து போடலாம்.