லேகாக்கா, காசில் கூமா? வசந்தத்தில் ஒரே ஒரு நாள் இருந்தால்

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், சிப்பன்ஹாம் வந்துவிடும். தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் பேர்போன இரண்டு கிராமங்களுக்கும் இந்த ஸ்டேஷன்தான் வாசல். தெற்கே 3 மைலில் லேகாக், வடமேற்கே 6 மைல் போல காசில் கூம். ஒரே நாளில் பழைய இங்கிலாந்து கிராமம் ஒன்றை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் லேகாக்கைத்தான் சொல்வேன். கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் காசில் கூம் ஒரு படி மேல். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அந்த அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். காசில் கூம் ஒரு சின்னப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. காரை மேட்டில் நிறுத்திவிட்டுச் சரிவில் நடந்து இறங்க வேண்டும். ஊர் நடுவே 14ஆம் நூற்றாண்டுச் சந்தைச் சிலுவை. அதைச் சுற்றிக் கல்தூண்கள், மேலே கூரை. அங்கிருந்து ஒரே தெரு வளைந்து இறங்கி, பைபுரூக் ஓடையின் கல்பாலத்தில் போய் நிற்கிறது. சுவரும் கல், கூரை ஓடும் கல், எல்லாம் ஒரே தேன் நிறம். பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் கிடைப்பதுதான் காலண்டர்களிலும் புதிர் அட்டைகளிலும் வரும் காட்சி. தேவாலயத்துக்குள் போனால் முகப்பே இல்லாத ஒரு கடிகாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் இன்னும் ஓடும் மிகப் பழைய கடிகாரங்களில் ஒன்று என்கிறார்கள். முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. மணியோசை கேட்டு நேரம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு ஊரையும் வளர்த்தது கம்பளித் துணி. 15ஆம் நூற்றாண்டில் காசில் கூமின் பிரபுவாக இருந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், பிரான்ஸில் போரிட்ட தன் வீரர்களுக்கு இங்கே நெய்த சிவப்பு, வெள்ளைத் துணியைத்தான் உடுத்தக் கொடுத்தார். பிற்பாடு துணி வியாபாரம் கைவிட்டுப் போனது. கையில் காசில்லாததால் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. இன்று நாம் பார்க்கும் அழகில் பெரும்பங்கு அந்த வறுமை காப்பாற்றிக் கொடுத்தது.

இரண்டு ஊரும் பிரிந்த இடம் 1940கள். லேகாக்கின் உரிமையாளர் மட்டில்டா டால்பட் 1944இல் மடாலய மாளிகையையும் கிராமத்தையும் சேர்த்து, பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். 1947இல் காசில் கூம் எஸ்டேட் ஏலத்துக்குப் போய், வீடுகள் பல கைகளுக்குப் பிரிந்தன. அதன் விளைவை இன்றைக்கும் தெருவில் பார்க்கலாம். லேகாக்கில் கிட்டத்தட்ட எல்லா வீடும் டிரஸ்டினுடையது, குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். பள்ளிக்கூடம் நடக்கிறது, பேக்கரி இருக்கிறது, வாசலில் சேற்று பூட்ஸ் கழற்றிக் கிடக்கிறது. தலைக்கு மேல் மின்கம்பி, டிவி ஆன்டெனா எதுவும் உறுத்தாது. படப்பிடிப்புக்காரர்கள் ஓயாமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காசில் கூமில் ஓட்டல் அறைகளும் விடுமுறை வாடகை வீடுகளும் நிறைய. அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யார் வீட்டு ஜன்னல் என்று யோசிக்க வைக்கும் அந்த உயிர்ப்பு எனக்கு லேகாக்கில்தான் கிடைக்கிறது.

ஊரமைப்பிலும் வித்தியாசம் உண்டு. லேகாக் நான்கு தெரு சேர்ந்த ஒரு சதுரம். மரச்சட்ட வீடு, கல் வீடு, செங்கல் வீடு எல்லாம் கலந்து நிற்கும். 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியத்துக்குள் போய் அண்ணாந்து கூரை உத்தரங்களைப் பார்க்கலாம். விளைச்சலில் மடத்துக்குச் சேர வேண்டிய பங்கை ஊரார் அளந்து கொட்டிய இடம் அது.

லேகாக்கை என் கணக்கில் மேலே ஏற்றுவது அந்த மடாலயம்தான். சாலிஸ்பரி சீமாட்டி ஈலா, கணவர் இறந்த பிறகு 1229இல் பெண் துறவிகளுக்காக நிறுவியது. பிற்பாடு தானே அதன் தலைவியானார். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1540இல் இதை வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் தேவாலயத்தை இடித்தார். துறவிகள் நடந்த சுற்றுத் தாழ்வாரத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் மேலேயே தன் மாளிகையை எழுப்பினார். கீழே குளிர்காய நெருப்பு மூட்டிய அறையில் 1500ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பெரிய உலோக அண்டா இன்னும் இருக்கிறது.

மாடியில் தெற்குக் கூடத்தின் நடுவில், வெளிப்பக்கம் துருத்திய ஒரு சின்ன ஜன்னல். ஈயப்பட்டைகளுக்குள் பதித்த சிறு சிறு கண்ணாடிகள். 1835 ஆகஸ்டில், அப்போது மாளிகையின் உரிமையாளராக இருந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இதை ஒரு தபால்தலை அளவுத் தாளில் படம்பிடித்தார். இன்று கைவசம் இருக்கும் புகைப்பட நெகட்டிவ்களில் அதுதான் ஆகப் பழையது. அவர் பயன்படுத்திய கேமராக்கள் கைக்கடக்கமான மரப்பெட்டிகள். அங்கங்கே அவற்றை வைத்துவிட்டு அவர் காத்திருப்பதைப் பார்த்து, மனைவி கான்ஸ்டன்ஸ் 'எலிப்பொறிகள்' என்று பெயர் வைத்தார். படம் புதிதாக இருந்தபோது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று டால்பட் எழுதிவைத்திருக்கிறார். நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்த படங்களும் இதே போலக் காகித நெகட்டிவில் எடுத்தவைதான். அந்தக் கலை தொடங்கிய இடத்தில் நின்று அதே ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்க்க முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயம். மூல நெகட்டிவ் இங்கே இல்லை. ஆனால் வாசலருகே டால்பட் பெயரிலேயே ஒரு மியூசியம் இருக்கிறது.

பூக்களைப் பொறுத்தவரை மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம், லேகாக்தான். மடாலயத் தோட்டத்து மரங்களின் அடியில் குரோக்கஸ் ஊதாவாகப் பரவிக் கிடக்கும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் காசில் கூமுக்கு ஒரு மதிப்பெண் கூட. பைபுரூக்கை ஒட்டிய காட்டுப்பாதைகளில் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்து, வாசனை வழியெல்லாம் கூடவே வரும். நடக்கப் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு நடையே போதும். மே நடுவில் இரண்டு ஊரிலும் கல்சுவர்களில் விஸ்டீரியா தொங்கும்.

கார் இல்லாதவர்களுக்குப் போட்டியே இல்லை. சிப்பன்ஹாமிலிருந்து லேகாக்குக்குப் பேருந்து இருக்கிறது, கால் மணி நேரம்தான். காசில் கூம் பேருந்துகள் மிகக் குறைவு. திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் டாக்ஸிதான். இன்னொன்று: காசில் கூமின் மேட்டில் பழைய போர்க்கால விமானத்தளத்தில் 1950 முதல் கார் பந்தயத் திடல் இயங்குகிறது. பந்தய நாளில் அந்தச் சத்தம் கீழே வரை கேட்கும், அதனால் போகுமுன் அவர்களுடைய அட்டவணையைப் பாருங்கள். டிரோன் கொண்டுபோகாதீர்கள், குடியிருப்பவர்கள் பறக்கவிட வேண்டாம் என்று பலகை வைத்தே கேட்டிருக்கிறார்கள்.

பக்கத்து மாவட்டமான குளஸ்டர்ஷயரில் பேர்போன பைபரி கிராமத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டிப் பின்னர் நெசவாளர் வீடுகளான அதன் ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசை அழகுதான். ஆனால் சுற்றுலாக் கூட்டம் குவிகிற ஊர், அரைமணியில் பார்த்து முடிந்துவிடும். அதற்காக ஒரு முழு நாளைக் கொடுக்கமாட்டேன்.

காசில் கூமுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் ஒரு இரவு அங்கே தங்குங்கள். காலை ஏழு மணிக்குப் பாலத்தில் நின்றால் ஊர் உங்களுக்கு மட்டும். பத்து மணிக்கு மேல் அதே பாலத்தில் படமெடுக்க வரிசை நிற்கும். லேகாக்கிலும் கூட்டம் வரும்தான், ஆனால் நான்கு தெரு, தோட்டம், மடாலயம் என்று அது கலைந்துவிடும். ஈஸ்டர் வாரத்தையும் பொது விடுமுறையான மே மாதத்தின் முதல், கடைசித் திங்கள்களையும் தவிர்த்து ஒரு வாரநாளில் போங்கள். கிராமத்தைச் சுற்ற டிக்கெட் இல்லை, மடாலயத்துக்கு மட்டும் உண்டு. மாடி அறைகள் அன்று திறந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலைப் பார்க்காமல் திரும்பினால் பாதி லேகாக்தான் பார்த்த கணக்கு.